நிலவின் மறுபக்கத்தில் நான் மூடிய பள்ளம்

நான் செய்த தவற்றை வேறொருவர் தம்முடையது என்று ஒப்புக்கொண்டபோது, அவர் பக்கத்திலேயே வாய் திறக்காமல் நின்றேன். அதனால் அவருக்கு இந்த நாட்டில் குடியுரிமை கிடைக்காமல் போயிற்று. எனக்குக் கிடைத்தது. எண்பதைத் தாண்டிய வயதில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் கேட்கப்பட்டது இது அல்ல. மலாக்காவில், பத்து பெரெண்டாம் என்ற பகுதியில் அச்சு வடிவமைப்புக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் தங்கள் ஆண்டு மலருக்காக வந்தார்கள். "கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல படத்தையெல்லாம் எப்படி அங்கிள் திருத்துனீங்க? அதை ஒரு கட்டுரையா எழுதிக் கொடுங்க" என்றார்கள். சரி என்றேன். எழுத உட்கார்ந்தால் எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் சிங்காரம் அண்ணன் நிற்கிறார். அவரை விட்டுவிட்டு என் தொழிலைப் பற்றி எழுத முடியவில்லை.

நான் தமிழ்நாட்டில் பிறந்தவன். எட்டு வயதில் தாய்மாமனோடு மலாக்காவுக்கு வந்தேன். ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். படம் நன்றாக வரைவேன் என்பதற்காக மாமா என்னைக் காஜா பேராங்கில் இருந்த ஓர் அச்சகத்தில் சேர்த்துவிட்டார். மூன்று வருடம் பிரஷ் கழுவினேன். நான்காவது வருடம் ரீடச் மேசை எனக்கு வந்தது.

அந்த மேசையின் வேலை இதுதான். அச்சுக்கு வரும் புகைப்படங்களில் கீறல், தூசி, மருந்துக் கறை இருக்கும். அவற்றைச் சாம்பல் நிறச் சாயத்தால் மூட வேண்டும். கறுப்பையும் வெள்ளையையும் கலந்து, சுற்றியுள்ள நிறத்துக்கு ஒத்து வரும்வரை விரல் நகத்தில் தடவிப் பார்ப்போம். பிறகு பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கி, புள்ளி புள்ளியாக வைப்போம். அது தண்ணீர்ச் சாயம். ஈரப் பஞ்சால் துடைத்தால் படம் பழையபடி ஆகிவிடும். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை முகத்து அம்மைத் தழும்புகளை நான் எத்தனை மூடியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பெண்ணின் தாயார் வந்து, "தம்பி, தழும்பை எடுத்தீங்க, சந்தோஷம். அப்படியே மூக்கையும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் தமக்கு மீசை வரையச் சொன்னார். வரைந்தேன். தோற்றார். பழி என் மீசைமேல் வந்தது.

இப்படி, படத்தில் புள்ளி என்று ஒன்றைக் கண்டாலே மூடு என்று என் கை பழகியிருந்தது.

நான் திருத்திய படம் அடுத்து சிங்காரம் அண்ணனிடம் போகும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பதினாலு வயதில் கப்பலேறி வந்து, வந்த வாரமே இந்த அச்சகத்தில் சேர்ந்தவர். வேறு முதலாளியைப் பார்த்ததே இல்லை. அவர் படத்தைப் பெரிய கேமராவில் கண்ணாடி நெகட்டிவாக எடுப்பார். அதைத் துத்தநாகத் தகட்டில் பதித்து, ஆசிட் தொட்டியில் ஆட்டுவார். ஆசிட் தின்ற இடம் அச்சில் வெள்ளையாக வரும், தின்னாத இடம் கறுப்பாக வரும். எங்காவது இருட்டு அதிகமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் ஆசிட் தொட்டு வைத்து வெளுக்கச் செய்வார். அது கத்தி முனை வேலை. ஒரு நொடி தாமதித்தால் உருவமே கரைந்துவிடும். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்வார். வேலை முடிந்ததும் கண்ணாடியைச் சுரண்டிக் கழுவி அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதனால் எந்த நெகட்டிவும் எங்களிடம் மிஞ்சாது. கதையில் இது முக்கியம்.

முதலாளி காதர் ராவுத்தர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புரூப் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைத்து மறுபடி மாட்டுவார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்து, இடது மேல் மூலையில் தொடங்கி, வரி வரியாகப் பார்ப்பார். பிழை கண்டால் ஒரே கேள்விதான். "இது யாரு கை?" செய்தவன் "என் கை" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், "சரி, திருப்பிச் செய் வாப்பா" என்பதோடு முடிந்துவிடும். அந்த அச்சகத்தில் பிழை செய்ததற்காக யாரும் வெளியே போனதில்லை. பொய் சொன்னதற்காக இருவர் போயிருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்கான தேதியை எங்கள் ஊர்த் திடலில்தான் அறிவித்தார்கள். சிங்காரம் அண்ணனும் நானும் கூட்டத்தில் நின்று தொண்டை கட்டக் கத்தினோம். சுதந்திரம் வந்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நாங்கள் இருவரும் இங்கே பிறந்தவர்கள் அல்ல. குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். மனுவோடு, எங்களை நன்றாக அறிந்த ஒருவரின் நன்னடத்தைக் கடிதத்தையும் வைக்கச் சொன்னார்கள். எங்களுக்கு முதலாளியை விட்டால் யார்? அண்ணனின் மனைவி மரகதம் அக்கா இங்கேயே, மலாக்காவின் செமாபோக்கில் பிறந்தவர். குழந்தை மலருக்கு அப்போது ஒரு வயது. வீட்டில் அண்ணன் ஒருவர்தான் வெளியாள். "என் மகளே என்னை ஊருக்குப் போடான்னு விரட்டலாம் செல்வம். அவ மலாயாக்காரி, நான் ஒண்ணுவிட்ட விருந்தாளி" என்று சிரிப்பார். முதலாளி இருவருக்கும் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சோவியத்துக்காரர்கள் அனுப்பிய விண்கலம் நிலவைச் சுற்றிப் போய், பூமியிலிருந்து யாரும் பார்த்திராத மறுபக்கத்தைப் படம் பிடித்தது. எங்கள் அச்சகம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்காக ஒரு மாத இதழ் நடத்தியது. முதலாளி சிங்கப்பூருக்கு எழுதிப்போட்டு அந்தப் படத்தின் பிரதியை வரவழைத்தார். "ஆதம் காலத்திலேருந்து ஒருத்தனும் பாக்காத பக்கம். நம்ம பிள்ளைங்க தமிழ்ல பாக்கட்டும்" என்றார். கல்வி இலாகாவுக்கான பாடப்புத்தகப் படவேலை எங்களுக்கு வரும் என்ற பேச்சும் அப்போது இருந்தது. இந்த இதழைக் காட்டித்தான் கேட்க நினைத்திருந்தார்.

படம் என் மேசைக்கு அட்டையில் குத்தப்பட்டு வந்தது. வெள்ளிக்கிழமை. முதலாளி ஜும்மாவுக்குப் போயிருந்தார், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மங்கலான படம். கோடு கோடாக இருந்தது. கீழ்ப்பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம், அதன் நடுவில் வெள்ளையாக ஒரு துளி. டார்க்ரூமில் படத்தின்மேல் மருந்துச் சொட்டு விழுந்து காய்ந்தால் இதே மாதிரிதான் இருக்கும், சுற்றிக் கறுப்பு, நடுவில் வெள்ளை. ஆயிரம் தடவை பார்த்த கறை. சிங்கப்பூர்க்காரனின் சோம்பலைத் திட்டிக்கொண்டே சாயம் கலந்தேன். மூன்று பூச்சில் வட்டம் போய்விட்டது. சுற்றுப்புறத்தோடு அவ்வளவு அழகாகக் கலந்துவிட்டதில் எனக்குப் பெருமைகூட.

அது கறை அல்ல. விண்கல் மோதி உண்டான பள்ளம். மலாக்கா மாநிலம் முழுவதும் அதற்குள் விழுந்தால் காணாமல் போகும். நடுவில் இருந்த வெள்ளைத் துளி ஒரு மலை, எங்கள் குனோங் லேடாங்கைவிட உயரமானது. இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை.

இதழ் வெளியான இரண்டாவது வாரம் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலப் பத்திரிகையில் வந்த படத்தில் கண்போல ஒரு பெரிய கறுப்புப் பள்ளம் இருக்கிறதாம், நம் இதழில் அது இல்லையாம். 'மாணவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து எது உண்மை என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது?' என்று எழுதியிருந்தார். அதற்குள் காப்பிக்கடையில் பேச்சாகிவிட்டது. "ராவுத்தர் ஆளுங்க நிலாவுக்கே பவுடர் பூசிட்டாங்களாமே!"

கடிதத்தைக் காலையில் எங்களுக்குப் படித்துக் காட்டியவர் அச்சகத்துக் குமாஸ்தா, கிராணி கோபால் பிள்ளை. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய மலாக்காச் செட்டி வம்சத்தவர். தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் பேச்சு அவர்கள் வீட்டு மலாய். முதலாளி மதியத்துக்குமேல் வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

இங்கேதான் என் குற்றம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்தது பிழை மட்டும். நான் படங்கள் வைக்கும் அலமாரியைத் திறந்து, அந்தப் படத்தை அட்டையிலிருந்து பிடுங்கி, ஈரப் பஞ்சால் என் மூன்று பூச்சையும் துடைத்தேன். பள்ளம் வெளியே வந்தது. நெகட்டிவும் மிஞ்சாததால் நான் பூசியதற்கு இனி எந்தச் சாட்சியும் இல்லை. படத்தைத் திருப்பினேன். பின்னால் ஆங்கிலத்தில் டைப் செய்த சீட்டு ஒட்டியிருந்தது. இது அறிவியல் படம், எந்தத் திருத்தமும் செய்யக்கூடாது என்று இருந்தது. அந்த அறையில் ஆங்கிலம் படித்த தொழிலாளி நான் ஒருவன்தான். நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

முதலாளி வந்தார். கல்வி இலாகா அதிகாரி ஒருவரும் கூட வந்திருந்தார். முதலாளி மூலப் படத்தையும், அதிலிருந்து அண்ணன் செய்த தகடான பிளாக்கையும் ஜன்னலோரம் வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். மூலத்தில் பள்ளம் இருந்தது. பிளாக்கில் இல்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இது யாரு கை?"

"முதலாளி," என்றேன், "படத்துக்குப் பின்னாடி பாருங்க. திருத்தக்கூடாதுன்னு சீட்டு ஒட்டியிருக்கு. நான் தொடல."

அதிகாரி திருப்பிப் படித்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார்.

சிங்காரம் அண்ணன் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். பிளாக்கின்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"என் கைதான் முதலாளி. அந்தப் பக்கம் ரொம்ப இருட்டா இருந்துச்சு. பிரஷ்ஷால ரெண்டு தடவை ஆசிட் வச்சேன். தின்னுடுச்சு போல."

அவர் பொய் சொல்லவில்லை. ஆசிட் வைத்தது உண்மை. அதுதான் பள்ளத்தைத் தின்றது என்று உண்மையாகவே நம்பினார்.

முதலாளி வழக்கம்போல், "சரி வாப்பா" என்று தொடங்கினார். அதிகாரி குறுக்கிட்டார். "நிலாவுல ஒரு பள்ளத்தையே கரைச்சிட்டீங்க. நாளைக்குப் பாடப்புத்தகத்துல மலாயா மேப்பைக் கொடுத்தா, ஜொகூரைக் கரைச்சிருவீங்களா?" என்று சிரித்தபடியே கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பாடப்புத்தக வேலை அத்தோடு போயிற்று.

மேசைமேல் கிராணி டைப் செய்து வைத்த இரண்டு கடிதங்கள் கையெழுத்துக்காகக் கிடந்தன. முதலாளி என் கடிதத்தை எடுத்துக் கையெழுத்திட்டார். அண்ணனுடையதை எடுத்துப் படித்தார்.

"'கவனமான, நம்பத்தகுந்த தொழிலாளி'ன்னு எழுதியிருக்கு சிங்காரம். நம்பத்தகுந்தவன்தான். கவனமானவன்னு இன்னைக்கு நான் எப்படி எழுதுவேன்? பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆறு மாசம் போகட்டும். நல்லாச் செய். அப்புறம் தர்றேன்."

"சரிங்க முதலாளி" என்றார் அண்ணன்.

நான் என் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மேசைக்குத் திரும்பியபோது கிராணி பின்னால் வந்தார். என் மேசையைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "லு பூஞா காப்பாஸ் பாசா லாகி" என்றார். உன் பஞ்சு இன்னும் ஈரமாயிருக்கிறது என்று அர்த்தம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

அந்த ஆறு மாதத்தை அண்ணன் தாண்டவில்லை. ஆசிட் பிரஷ்ஷை எடுத்தாலே கணக்குத் தவறியது. எண்ணுவார், நடுவில் நிறுத்துவார், மறுபடி முதலிலிருந்து எண்ணுவார். தகடுகள் பாழாயின. "பழைய கணக்கு வரல செல்வம். நான் ஒண்ணு எண்ணும்போது அது மூணு தின்னுருது" என்றார். நான் ஆறுதல் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். இரண்டாவது மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. முதலாளி ஆள் அனுப்பினார், வரவில்லை. உஜோங் பாசிரில் ஒரு கிடங்கில் காவலாளியாகச் சேர்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. கடிதம் கேட்கவும் வரவில்லை. எனக்குக் குடியுரிமைப் பத்திரம் வந்த அன்று முதலாளி எல்லோருக்கும் நெய்ச்சோறு போட்டார்.

முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று பல காலைகளில் நினைத்திருக்கிறேன். ஒப்புக்கொள்பவனை அவர் மன்னிப்பார் என்றும் தெரியும். ஆனால் பிழையை மட்டும் ஒப்புக்கொள்வதாக இருந்தால் அன்றே சொல்லியிருக்க வேண்டும். இப்போது துடைத்ததையும், சீட்டைக் காட்டியதையும், வாய் திறக்காமல் நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடும்போது சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போயிற்று. முதலாளி என்னை நல்லவன் என்று நம்பியபடியே காலமானார்.

பத்து வருடம் கழித்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அவர்களுக்கென்று இருந்த சிவப்பு அடையாள அட்டையோடு வரிசையில் நின்றார்கள். அண்ணனுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. செமாபோக்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என்னால் முடிந்த உதவி ஏதாவது செய்கிறேன் என்றேன். "நீ என்ன செய்வ? எல்லாம் என் கை செஞ்ச வேலை" என்றார். அப்போதும் சொல்லவில்லை. இங்கே பிறந்த மனைவியும் மகளும் அவரோடு கப்பலேறினார்கள்.

ஓய்வு பெற்ற வருடம், நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் போனேன். அறந்தாங்கிப் பக்கம் ஒரு சிற்றூரில் அவரைக் கண்டுபிடித்தேன். அரிசி ஆலையில் காவல் வேலை பார்த்து அதையும் விட்டிருந்தார். மரகதம் அக்கா என்னைக் கண்டதும் அழுதார். "இங்க என்னை இன்னும் மலாயாக்காரின்னுதான் கூப்பிடுறாங்க தம்பி. எந்த ஊருதான் நமக்கு?" என்றார். பேச்சுவாக்கில், "இவரு கையால ஒண்ணும் அளந்து போட மாட்டாரு. சோத்துக்கு உப்புகூட நான்தான் போடணும். 'என் கை ராசியில்லாத கை'ம்பாரு" என்றும் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகு காத்திருக்க முடியவில்லை. சொன்னேன். தாளைக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. தொழில்காரராகத்தான் கேட்டார்.

"எத்தனை கோட்டு பூசுன?"

"மூணு அண்ணே."

"மூணு கோட்டுன்னா நெகட்டிவ்ல தட்டையாத் தெரிஞ்சிருக்கணுமே. நான் எப்படிப் பாக்காம விட்டேன்?"

அதற்கும் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டார்.

"அப்ப, என் கைதான்னு நான் சொன்னப்போ, நீ பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"பஞ்சால துடைச்சிட்டு வந்து நின்ன."

"ஆமா அண்ணே."

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மரகதம் அக்கா தாளை எடுத்துப் பார்த்தார். "இதை எந்த ஆபீசுல கொண்டு போய்க் கொடுக்கட்டும்? போன காலத்தைத் திருப்பிக் கேக்கவா? செமாபோக்குல எங்கம்மா செத்ததுக்கு என்னால போக முடியல, தெரியுமா?" என்றார். ஆனாலும் ஒரு குவளை தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தார். "குடிச்சிட்டுப் போங்க. மலாக்காவிலேருந்து வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்ப மாட்டேன். ஆனா, மறுபடி வராதீங்க." குடித்தேன். கதவு திறக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து மலரிடமிருந்து கடிதம் வந்தது. ஆசிரியையாக வேலை பார்க்கிறாள். கையெழுத்து அழகாக இருந்தது. நான் போன பிறகு அப்பா பேருந்தேறி நகரத்துப் புகைப்படக் கடைகளுக்குப் போகிறாராம். 'என் கை தப்பு செய்யவில்லை' என்று அங்கே சொல்கிறாராம். நிலா, பள்ளம், ஆசிட் என்று கிழவர் ஏதோ பேசுகிறார் என்று சிரித்து அனுப்பிவிடுகிறார்களாம். 'உங்கள் கவனக்குறைவால்தான் இங்கே வந்து கிடக்கிறோம்' என்று அம்மா ஒருகாலத்தில் அவரிடம் சொன்னதையெல்லாம் இப்போது எடுத்து வைத்து, அம்மா சமைத்ததை உண்ண மறுக்கிறாராம். 'முன்பு அவருக்குத் தம்மீது மட்டுமே கோபம். அதோடு வாழ நாங்கள் பழகியிருந்தோம். இப்போது எங்கள் எல்லோர்மீதும் கோபம். நீங்கள் பாரம் இறக்கத்தான் வந்தீர்கள் என்று புரிகிறது. இறக்கிய இடம் எங்கள் வீடு. தயவுசெய்து இனி எழுத வேண்டாம், வர வேண்டாம்' என்று முடித்திருந்தாள்.

அவர் எப்போது இறந்தார் என்று எனக்குத் தெரியாது. இப்போது உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. மலரின் கடிதத்துக்கு எத்தனையோ பதில்களை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். ஒன்றையும் அனுப்பவில்லை. அந்தக் குடும்பம் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அதை மட்டும் இன்றுவரை பிழையில்லாமல் செய்து வருகிறேன்.